ஒரம்பரை வரும் கோடையில் அப்பாரு வீட்டைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி இதுதான். தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாரு (அப்பாவின் அப்பா) கட்டிய சீமை ஓட்டு வீடு, வயது எழுபதுக்கு மேல். அப்பாவும் அம்மாவும் அதில்தான் இருக்கிறார்கள். கேட்டவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மே மாதம் பெங்களூரிலிருந்து அக்கா குடும்பம், கோவையிலிருந்து சித்தப்பா, சேலத்திலிருந்து மாமா, பிள்ளைகள் என்று ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) எல்லாம் வந்து இரண்டு வாரம் தங்கப் போகிறார்கள். ‘ஆளுக்கொரு கை போட்டு வீட்டைச் சரி பண்ணிடலாம்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடு ஒழுகுகிறது, சுவரின் அடி பொரிந்து கொட்டுகிறது, வயரிங் மரப்பட்டையில் கம்பி ஓட்டிய காலத்தது. சித்தப்பா மட்டும் ‘ஓட்டைப் பிரித்துவிட்டுத் தார்சு போடு’ என்கிறார், அதாவது கான்கிரீட் கூரை. வருகிறவர்களை வைத்து எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் இந்த மாதிரி வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரம்பரை வரும் நாட்களில் கூரையைப் பிரிக்காதீர்கள், சுவரைத் தோண்டாதீர்கள், கரண்டைத் தொடாதீர்கள். இந்த மூன்றும் அவர்கள் வருவதற்கு முன்பே கூலி ஆட்களை வைத்து முடிய வேண்டியவை. கூலி கொடுத்தால் கொத்தனார் கிடைப்பார், ஆசாரி கிடைப்பார். எந்தச் சுவரை யார் எப்போது எழுப்பினார்கள் என்ற ஞாபகமும், அட்டாலியில் (பரணில்) கிடக்கும் பொருளில் எது இருக்கட்டும், எது போகட்டும் என்று சொல்லும் உரிமையும், அவசரமில்லாமல் பொறுமையாகத் தேய்த்துத் துடைக்கும் கையும் காசுக்குக் கிடைக்காது. சொந்தக்காரர்களை அந்த வேலைகளுக்கு வையுங்கள். அப்படி வைத்தால் இரண்டு வாரத்தில் மலைக்கும்படி வேலை நடக்கும். கடப்பாரையைக் கையில் கொடுத்தால் மூன்றாம் நாள் ஒருவருக்கு முதுகு பிடிக்கும், ஐந்தாம் நாள் வீடே பிரிந்து கிடக்கும், பத்தாம் நாள் ஆளாளுக்கு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்பா அம்மா அந்தப் புழுதிக்குள் இருக்க வேண்டிவரும்.

இப்போது தை மாதம்தான் நடக்கிறது. உங்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. நம் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். கொங்குச் சமவெளியில் பல இடங்களில் ஆண்டு மழையே 600, 700 மில்லிமீட்டர் அளவுதான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தை, மாசி, பங்குனி மூன்றும் காய்ந்த மாதங்கள். பழைய வீட்டு வேலைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. மே மாதம் அப்படி இல்லை. கோடை மழை சாயங்காலம் காற்றோடுதான் வரும். வாழையைச் சாய்க்கிற அந்தக் காற்றில் பிரித்துப் போட்ட கூரைமேல் தார்ப்பாய் நிற்காது. மண் சுவர் ஒரே ஒரு நல்ல மழையைத் தலையில் வாங்கினாலும் பல வருஷ ஆயுளை இழந்துவிடும். அதற்கப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது எப்படி வரும் என்பது தாராபுரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: கழிப்பறையும் குளியலறையும். இத்தனை பேர் தங்க ஒரே ஒரு பழைய கழிப்பறைதான் என்றால் அதுதான் உங்கள் முதல் வேலை. பழைய மண் சுவரை ஒட்டி ஈர அறை எதையும் கட்டாதீர்கள். பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) நாலைந்து அடி தள்ளித் தனியாகக் கட்டி, நடுவில் தாவாரம் (சாய்ப்புக் கூரை) இறக்கிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இரவில் எழுந்து போவார்கள், அதனால் படி வேண்டாம், சரிவு வையுங்கள், கைப்பிடி வையுங்கள்.

அடுத்தது கூரை. மாசிக்குள் முடித்துவிடுங்கள். ஓட்டு வீடு ஒழுகினால் உடனே எல்லா ஓட்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஒழுகுவது நாலே இடத்தில்தான்: கூரை உச்சியிலுள்ள மோட்டு ஓட்டின் கீழுள்ள கலவை வெடித்த இடம், இரண்டு சரிவு சேரும் மூலையில் தகரம் துருப்பிடித்த இடம், ஓடு உட்காரும் ரீப்பர் கட்டை தொய்ந்து ஓடு நழுவிய இடம், கிளையோ தேங்காயோ விழுந்து உடைந்த இடம். பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கூரையைத் தாங்கும் கைமரங்கள் சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். செல் (கரையான்) அரித்திருந்தால் அங்கேதான் முதலில் அரித்திருக்கும். நடுமரம் கல் மாதிரி இருக்கும், முனை மட்டும் தூளாகியிருக்கும். நல்ல ஆசாரி முழு மரத்தையும் மாற்ற மாட்டார், முனையை வெட்டிவிட்டுப் புதுத் துண்டை ஒட்டுப்போட்டுத் தருவார்.

ஓட்டைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுக்க ஓட்டு ஆலைகள் வந்தன. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அங்கிருந்து வந்த ஓடு நிறைய உண்டு. ஓட்டைத் திருப்பினால் அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு கம்பெனி ஓட்டின் காடி (பொருந்தும் பள்ளம்) இன்னொன்றில் சரியாக உட்காராது. உட்காராத இடத்தில் காற்று மழை உள்ளே வரும். உடைந்தவற்றுக்கு மாற்றாகப் பழைய ஓடு வாங்கப் போகும்போது கையில் ஒரு ஓட்டை எடுத்துக்கொண்டு போய், அதே பெயர் உள்ளதைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் வீட்டு ஓட்டையெல்லாம் முன்பக்கச் சரிவில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, வேறு கம்பெனி ஓட்டைப் பின்பக்கச் சரிவு முழுவதற்கும் போடுங்கள். கலக்க வேண்டாம்.

சித்தப்பா சொல்லும் தார்சுக்கு வருகிறேன். அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாலங்குலக் கான்கிரீட் பலகை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து பிடிக்கும், ஒரு ஓடு இரண்டு, இரண்டரைக் கிலோ, ஆக நாற்பது கிலோவுக்குள் அடங்கிவிடும். மரத்தைச் சேர்த்தாலும் கான்கிரீட்டின் பக்கத்தில் வராது. அப்பாரு எழுப்பிய செம்மண் சுவர் அந்தச் சின்னச் சுமையை நம்பி எழுப்பியது. அதன் தலையில் அத்தனை பாரத்தைத் திடீரென்று ஏற்றினால் எப்போது, எந்த மூலையில் விரியும் என்று யாரும் உறுதி தர முடியாது. தூண் போட்டுத் தனியாகத் தாங்கலாமே என்பார். அப்படிப் போட்டால் அது புது வீடு, செலவும் புது வீட்டுச் செலவு. பாதி ஓடு, பாதி தார்சு என்று சமரசம் செய்வது அதைவிட மோசம். இரண்டும் சேரும் கோட்டில் ஒழுகுவதை நிறுத்தவே முடியாமல் போன வீடுகளை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவிடம் எதிர்த்துப் பேசாமல் இந்தக் கணக்கை மட்டும் காட்டுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூடவே ‘மாசியில கூரை வேலை நடக்கறப்ப ஒரு நாள் வந்து பாருங்க சித்தப்பா’ என்று கூப்பிடுங்கள். மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவரே ஓட்டுக்கு ஆதரவாகப் பேசுவார்.

இனி சுவர் அடி. உங்கள் கேள்வியிலேயே பெரிய நோய் இதுதான், இதற்குத்தான் தவறான வைத்தியமும் அதிகம் நடக்கிறது. சுவர் ஏன் பொரிகிறது? தரைக்கடியில் உள்ள ஈரம் மண் சுவர் வழியாக மேலே ஏறுகிறது. ஏறும் நீரில் உப்பு கரைந்திருக்கும். நீர் காய்ந்து போனதும் உப்பு மட்டும் பூச்சுக்குள் தங்கிப் படிகமாகி, பூச்சைப் பொட்டுப் பொட்டாக வெளியே தள்ளுகிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். கோவை பக்கத்து மதுக்கரையில் சிமெண்டு ஆலை 1930-களிலேயே வந்துவிட்டாலும் கிராமத்து வீடுகள் அதற்கப்புறமும் ரொம்பக் காலம் செம்மண்ணையும் சுண்ணாம்பையும் வைத்தே எழும்பின. பின்னாளில் ‘பலமா இருக்கட்டும்’ என்று யாரோ அடியில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் நிச்சயம் அப்படி ஒரு பட்டை இருக்கும். ஈரம் அதைத் தாண்டி வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறும். அதனால்தான் சிமெண்டுப் பட்டைக்கு நேர் மேலே பொரிகிறது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை ஐந்தடிக்குப் பூசுவார்கள். ஈரம் ஆறடிக்குப் போகும்.

வெளியே போய் வாசலைப் பாருங்கள். ஊருக்குள் சிமெண்டு ரோடு போடும்போதெல்லாம் பழசின் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்திருக்கும், உங்கள் வீடு பள்ளத்தில் நிற்கும். கூரைத் தண்ணீர் இறவாரத்தில் சொட்டிச் சுவரடியிலேயே தேங்கும். ஆக வைத்தியம் வெளியில் ஆரம்பிக்க வேண்டும். சுவரை ஒட்டிச் சேர்ந்துவிட்ட மண்ணை வெட்டி எடுத்து, உள்தரையைவிட வெளித்தரை ஓரடியாவது தாழ்வாக இருக்கும்படி செய்யுங்கள். அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் மட்டும் தோண்டக் கூடாது. சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி ஒரு ஓடுகால் எடுத்து ஜல்லி நிரப்பித் தண்ணீரை வெளியே விடுங்கள். இறவாரத்தில் தகரக் கால்வாய் கட்டுங்கள். அதன் பிறகு சிமெண்டுப் பட்டையை உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். ஒன்றரை மாதமாவது காயட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அம்மா சத்தம் போடுவார்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காயாத சுவரில் எதைப் பூசினாலும் வீண். இதைத் தையிலேயே தொடங்கச் சொல்வது சுவர் காய வேண்டிய இந்தக் காலத்துக்காகத்தான்.

பங்குனியில் பூச்சு. முதல் பூச்சு சலித்த செம்மண், மணல், சுண்ணாம்பு கலந்தது. மேல் பூச்சு சுண்ணாம்பும் மணலும், ஒன்றுக்கு இரண்டரை அல்லது மூன்று. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கொஞ்சம் வெல்லமும் சேர்ப்பது பழைய வழக்கம், கேட்டால் வயதான கொத்தனார்கள் இன்றைக்கும் செய்து தருவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாக மறுபடியும் கல்லாகும். அவசரப்பட்டால் வெடிக்கும். பத்து நாளாவது காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரச்சாக்கு தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இதை அப்பாவே செய்வார், அவருக்கும் வீட்டு வேலையில் ஒரு பங்கு இருக்கட்டும். கொத்தனார் ‘கொஞ்சமா சிமெண்டு போட்டுக்கலாங்க, சீக்கிரம் பிடிக்கும்’ என்பார். வேண்டாம் என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

வயரிங்கைப் பூச்சுக்கு முன்னால் முடிக்க வேண்டும். மண் சுவரில் காடி வெட்டிப் பைப் புதைக்காதீர்கள், சுவர் பலம் போய்விடும். வெளியில் தெரியும்படி பைப்போ கேசிங்கோ ஓட்டுவதே சரி. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வையுங்கள். பழைய வீடுகளில் எர்த் இருக்காது, இருந்தாலும் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். புது எர்த் குழி, 30 மில்லியாம்பியர் கசிவில் தானாக அணையும் ஆர்சிசிபி, இரண்டும் கட்டாயம். மே மாதம் இருபது போன் சார்ஜர், கூலர், கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்பதையும் ஒயர்மேனிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, வீட்டின் எலும்பெல்லாம் சரியாகிவிட்டது, சித்திரையும் வந்துவிட்டது. இனி ஒரம்பரை வரட்டும்.

முதல் நாள் எந்த வேலையும் வைக்காதீர்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சித்தப்பா, மாமா, ஊரில் இருக்கும் வயதான அத்தை, அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்று, இது எப்போது கட்டியது, முதலில் எது வரைக்கும் இருந்தது, இந்த இடத்தில் வாசல் இருந்ததா, கட்டுத்தறி (மாட்டுக்கொட்டகை) எங்கே இருந்தது, பழைய கிணறு எங்கே மூடப்பட்டது என்று கேளுங்கள். அக்கா பிள்ளை போனில் பதிவு செய்யட்டும். பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டுப் போகிற சங்கதி இல்லை இது. வெவ்வேறு காலத்தில் எழுப்பிய இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில்தான் நெட்டுக்குத்தாக விரிசல் விடும். அந்த விரிசலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஒரே காலத்துச் சுவரில் குறுக்காகப் படிக்கட்டு மாதிரி விரிந்தால் அது வேறு, அஸ்திவாரம் இறங்குகிறது என்று பொருள். மூடிய கிணறோ குழியோ கீழே இருக்கலாம், கரிசல் மண் ஓடியிருக்கலாம். எந்த விரிசல் எந்த ரகம் என்று பிரித்துச் சொல்ல என் போன்றவருக்கு உங்கள் அத்தையின் ஞாபகம் வேண்டும். அவர் காலத்துக்கு அப்புறம் அந்தத் தகவல் எங்கேயும் கிடைக்காது.

இரண்டாம் நாளிலிருந்து அட்டாலி. பழைய ஓட்டு வீட்டு அட்டாலியில் தேள், பூரான் நிச்சயம், பாம்பும் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில், கையுறையும் ஷூவும் போட்டு, முதலில் கம்பால் தட்டிவிட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கீழே. ஏதாவது கடித்தால் மந்திரம், கத்தியால் கீறுவது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். துருப்பிடித்த தகரம், ஆணி கிழித்துவிட்டால் டிடி ஊசி.

இறக்கியதையெல்லாம் வாசலில் மூன்றாகப் பிரியுங்கள்: இந்த வீட்டில் இருக்க வேண்டியவை, யாராவது எடுத்துக்கொண்டு போகக் கேட்பவை, கழிப்பவை. அண்டா, குத்துவிளக்கு, திருகை, மரப்பெட்டி என்று வரும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். வேலை நின்றுவிடும். நிற்கட்டும். கூலி ஆளை வைத்திருந்தால் இதெல்லாம் சத்தமில்லாமல் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: காகிதம் எதையும் அன்றைக்கே கழிக்காதீர்கள். பட்டா, பழைய கிரயப் பத்திரம், தீர்வை ரசீது, ஜாதகம், போட்டோ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். குறிப்பாக வீட்டு மனை நத்தம் நிலமாக (ஊர்க் குடியிருப்பு நிலமாக) இருந்தால் பழைய ரசீதுகூடப் பின்னால் உதவும்.

ஓட்டு வேலை கொஞ்சமாவது செய்து பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும். அதற்காகவே பின்பக்கத் தாவாரத்தை மட்டும் மாசியில் தொடாமல் விட்டு வையுங்கள். உயரம் கம்மி, நடுவில் மழை வந்தாலும் வீட்டுக்குள் சேதம் இல்லை. ஏணியில் ஏறி ஓட்டை எடுப்பது ஆசாரி. கீழே வரிசையாக நின்று கைமாற்றி வாங்குவது உங்கள் ஆட்கள். வாங்கிய ஓட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்றால் நல்லது, சொத்தென்று கேட்டால் உள்ளே கீறல். நல்லதைத் தென்னை நார் பிரஷ்ஷால் பாசி போகத் தேய்த்துக் கழுவி, படுக்க வைக்காமல் நட்டக்குத்தலாக அடுக்குங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பவை பாரத்தில் உடையும். பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இதில் வேலை உண்டு, அலுக்கவும் அலுக்காது. கட்டுத்தறி மேல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் மட்டும் அதை யாரும் உடைக்கவோ அறுக்கவோ துளை போடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும்.

எனக்குப் பிடித்த வேலை அடுத்தது. வெள்ளையடிப்பு. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்து, போகியன்று வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வைத்து இறவாரத்தில் காப்புக் கட்டுகிற ஊர் நம்முடையது. குடும்பமாகச் சேர்ந்து செய்யத் தோதான வேலை இதைவிட இல்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீற்றுவது மட்டும் பெரியவர் வேலை. தண்ணீர் பட்டதும் கொதிக்கும், தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளி உருகும், இரும்பு அண்டாவிலோ மண் தொட்டியிலோ நீற்றுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரில் கல்லைப் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரம்பரை வருவதற்கு ஒரு வாரம் முன்பே நீற்றி மூடி வைத்துவிட்டால் சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி ஆகியிருக்கும். துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் உப்பும் சோற்றுக் கஞ்சியும் சேருங்கள். சுவரை ஈரப்படுத்திக்கொண்டு மெல்லிசாக மூன்று கை அடிக்க வேண்டும். அடிக்கும்போது நிறமே தெரியாது, பிள்ளைகள் ‘வெள்ளையே வரலை’ என்பார்கள். காய்ந்த பிறகு பாருங்கள். ஒரே கையில் கெட்டியாக அடித்தால் தோல் தோலாக உரியும். கரைத்த சுண்ணாம்பும் தோலை அரிக்கும், கையுறையும் முழுக்கைச் சட்டையும் எல்லோருக்கும் வேண்டும்.

கதவு, நிலவு (நிலைச்சட்டம்), தூண்களில் பல அடுக்கு பழைய எண்ணெய்ப் பெயின்ட் இருக்கும். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்குமோ தெரியாது, அந்தத் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மாஸ்க் போட்ட பெரியவர்கள் இருவர், வெளியில் வைத்து, ஈரமாக்கிச் சுரண்டட்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வர வேண்டாம். சுரண்டிக் காய்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பதை எல்லோரும் செய்யலாம். எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காமல் கொடியில் விரித்துப் போடுங்கள், குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

தரை சிவப்பு ஆக்சைடு என்றால் தயவுசெய்து மேலே டைல் ஒட்டிவிடாதீர்கள். கீறல் இருந்தாலும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு திரும்பும்.

வெயிலில் யாரையும் வதைக்க வேண்டாம். காலை ஆறரை முதல் பதினொன்று வரை, அப்புறம் நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் சாப்பாடு, தூக்கம், பேச்சு. சமையலுக்கு இரண்டு வாரத்துக்கும் ஒரு ஆள் வைத்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். இல்லாவிட்டால் அம்மாவும் அக்காவும் இத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டே விடுமுறையைக் கழிப்பார்கள். அக்கா அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அந்தச் சுவரில் சுண்ணாம்பு அடிக்க முதல் உரிமை அவருடையது. மதியத்துக்கு அரிசியும் பருப்புமாகப் பொங்கிய சோறு, தயிர், ஊறுகாய் போதும். கையில் சுண்ணாம்போடு பசித்து வருகிறவர்களுக்கு அதைவிட ருசி வேறில்லை. ஒரு அறையை முழுதாக முடித்துப் புழுதி வராமல் பூட்டி வையுங்கள், அப்பா அம்மா படுக்க அது வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வந்தால் இரவு வேறு உறவுக்காரர் வீட்டில் படுக்கட்டும்.

பணம். பெரியவர்கள் ஆசையில் ஆளுக்கு ஒரு லட்சம், ஐம்பதாயிரம் என்று கையில் கொடுப்பார்கள். அன்பளிப்பா, பங்கா என்று அன்றைக்கே பேசி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பூர்வீகச் சொத்து, இன்னும் பாகம் பிரியவில்லை என்றால் அத்தைகளுக்கும் அக்காவுக்கும் அதில் உரிமை இருக்கலாம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் அன்றைக்கு மணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005 மத்தியச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மணமான மகள்களுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. சொந்தப் பணத்தைக் கொட்டிவிட்டு நாளைக்கு மனக்கசப்பு வருவதைவிட, தையிலேயே ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிவிட்டு, எல்லோரிடமும் போனில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வேலையில் முடிவு சொல்பவர் ஒருவராகவே இருக்கட்டும். அது நீங்களா அப்பாவா என்பதை வருவதற்கு முன்பே தீர்மானியுங்கள். ஆசாரியிடம் மாமா ஒன்று, சித்தப்பா ஒன்று சொன்னால் அவர் மறுநாள் வர மாட்டார்.

ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) எப்போது என்று இப்போதே விசாரியுங்கள். பூச்சாட்டி நோம்பி தொடங்கிவிட்டால் உள்ளூர் ஆட்கள் வேலைக்கு வருவது சந்தேகம், கொத்துகிற இடிக்கிற வேலையைப் பெரியவர்களும் விரும்ப மாட்டார்கள். அந்த நாட்களை அட்டாலி பிரிக்கவும் பொருள் துடைக்கவும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒரு தடவை அப்பா பார்க்கட்டும். பங்குனிக்குள் எந்த விரிசலாவது கோட்டைத் தாண்டினாலோ அகலம் கூடினாலோ அந்தச் சுவரில் பூச்சு வேலையை நிறுத்திவிட்டுப் போட்டோவோடு எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.